தாடைக்குள் நுழையும் விரல்

அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகப் பல் மருத்துவர்கள் 1976இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். தாடை வலியோடு வந்த 25 பேருக்கு அவர்கள் ‘கடி சமன்’ செய்ததாகக் காட்டிக்கொண்டார்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே இடிக்கின்றன என்று பார்த்து, மேடான இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வது அந்நாளில் வழக்கமான வைத்தியம். இந்த 25 பேரின் வாயிலும் கருவி ஓடியது. ஆனால் பற்களின் கடிப்பரப்பில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. நோயாளிகளுக்கு அது தெரியாது. இரண்டு தடவை இப்படிச் செய்த பிறகு 16 பேருக்கு வலி முழுக்கவோ, ஏறக்குறைய முழுக்கவோ போய்விட்டது. நூற்றுக்கு 64 பேர்.

தாடை மூட்டு வலிக்கு எந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசினாலும் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அந்த 16 பேரின் வலி கற்பனையும் இல்லை, அவர்கள் அடைந்த சுகம் பொய்யும் இல்லை. ஒரு மருத்துவர் அக்கறையோடு உட்கார்ந்து பார்த்ததும், ‘இனி சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையும், நாள் செல்லச் செல்லத் தானாகவே தணியும் இந்த வலியின் இயல்பும் சேர்ந்து செய்த வேலை அது. அப்படியானால் மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் மருத்துவர் ஒருவர் தாடையை அழுத்திவிட்டு, கழுத்தைத் திருப்பிவிட்டு, வலி குறைந்தால் அதில் அவருடைய கையின் பங்கு எவ்வளவு? இந்த அத்தியாயம் தேடுவது அதைத்தான்.

முதலில் மூட்டைப் பார்த்துவிடலாம். காதுத் துளைக்குச் சற்று முன்னால் இரு பக்கமும் விரல் வைத்து வாயை மெல்லத் திறந்தால், விரலுக்கடியில் ஒரு குமிழ் உருண்டு, பிறகு முன்னால் நழுவிப் போவது தெரியும். முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை அந்தக் குமிழ் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு மேல் வாய் திறக்க வேண்டுமானால் குழியை விட்டு இறங்கி முன்னே நகர்ந்தாக வேண்டும். சுழல்வதும் நகர்வதும் ஒரே மூட்டில், ஒவ்வொரு கொட்டாவியிலும் நடக்கின்றன. போதாக்குறைக்கு, கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதன் இரு முனையிலும் மூட்டு. இடது பக்கம் நகராமல் வலது பக்கம் தன்பாட்டுக்கு நகர்ந்துவிட முடியாது. ஒரு பக்கம் வலித்துப் பிடித்துக்கொண்டால் மறுபக்கமும் சேர்ந்து சுமக்கிறது.

குமிழுக்கும் குழிக்கும் நடுவில் அடர்ந்த நார்த்திசுவாலான ஒரு சிறு தட்டு இருக்கிறது. அது இடம் சற்று முன்னால் விலகினால், வாய் திறக்கும்போது குமிழ் அதன் மேல் ஏறி விழும். அந்த நேரத்தில்தான் ‘டக்’ என்ற சத்தம். வலியில்லாமல் இந்தச் சத்தம் மட்டும் கேட்கும் மனிதர்கள் ஏராளம். வலியோ, வாய் திறப்பதில் தடையோ இல்லாதவரை அந்தச் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. சத்தம் கேட்டுப் பயந்து சிகிச்சை தேடி அலைந்து, அந்த அலைச்சலிலேயே வலியைச் சம்பாதித்துக்கொண்டவர்களும் உண்டு.

காதுக்கும் தாடைக்கும் உள்ள நெருக்கம் வெறும் இட நெருக்கம் இல்லை. ஊர்வனவற்றின் தாடைக் கீலாக இருந்த இரண்டு எலும்புகள்தாம் பாலூட்டிகளில் நடுக்காதுக்குள் போய், சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் மாறின. ஜெர்மானியரான கார்ல் ரைஹெர்ட், கருவின் வளர்ச்சியைக் கூர்ந்து பார்த்து 1837இலேயே இதைச் சொன்னார். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மோர்கானுகோடான் என்ற எலி போன்ற சிறு விலங்கின் புதைபடிவத்தில், பழைய கீலும் புதிய கீலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாம் மெல்லுவது அந்தப் புதிய கீலால். கேட்பது பழைய கீலின் எலும்புகளால்.

இதனால்தானோ என்னவோ, நவீன மருத்துவத்தில் தாடை மூட்டு நோயைப் பரவலாகக் கவனிக்க வைத்தவர் பல் மருத்துவர் இல்லை, காது–மூக்கு–தொண்டை மருத்துவர். செயின்ட் லூயிஸ் நகரின் ஜேம்ஸ் காஸ்டன் 1934இல், காதடைப்பு, காதிரைச்சல், தலைவலி என்று வந்த 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். கடைவாய்ப் பற்கள் போனதால் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது, குமிழ் பின்னால் சென்று நரம்பையும் காதுக் குழலையும் நெருக்குகிறது என்பது அவர் கணக்கு. அந்த நெருக்குதல் உடற்கூறின்படி நடக்க முடியாதது என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் ‘எல்லாம் கடியில் வந்த கோளாறு’ என்ற எண்ணம் பல் மருத்துவத்தில் வேரூன்றிவிட்டது. அரை நூற்றாண்டுக் காலம் பற்களைத் தேய்ப்பதும், கட்டுவதும், நகர்த்துவதும் தாடை வலிக்கான பிரதான வைத்தியமாக இருந்தன.

அங்கிருந்து அறுவை மேசைக்குப் போனவர்களின் கதை கொடுமையானது. ஹூஸ்டனில் இயங்கிய வைடெக் நிறுவனம் தயாரித்த, டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு 1983இல் அமெரிக்க உணவு–மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது. விலகிய தட்டை எடுத்துவிட்டு ஆயிரக்கணக்கானோருக்கு இதைப் பொருத்தினார்கள். மெல்லும் விசையில் அது நொறுங்கித் துகளானது. துகள்களை எதிரியாக நினைத்துப் பாய்ந்த உடலின் செல்கள் கூடவே எலும்பையும் அரித்தன. சிலருக்குக் கபாலத்தின் அடித்தளம் வரை ஓட்டை விழுந்தது. நிறுவனம் 1990இல் திவாலானது. 1991இல் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் மூட்டுக்குள் ஏற்கெனவே வைத்துவிட்டதைத் திரும்பப் பெறுவது எப்படி? அன்று பாதிக்கப்பட்டவர்களில் பலர், பெரும்பாலும் பெண்கள், மேலும் மேலும் அறுவைக்கு ஆளாகி, வாழ்நாள் வலியோடு நின்றார்கள்.

கையால் செய்யும் வைத்தியத்தை நோக்கி மக்கள் ஏன் திரும்பினார்கள் என்பது இந்தப் பின்னணியில் புரியும். கத்தி இல்லை, உளி இல்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த நாள் போகாமல் இருந்துவிடலாம்.

தாடையில் கை வைப்பது பழைய வித்தை. அமெரிக்கரான எட்வின் ஸ்மித் 1862இல் எகிப்தின் லக்சர் நகரில் வாங்கிய பாப்பிரஸ் சுருள், கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்டது. அதன் 25ஆவது நோயாளிக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கட்டைவிரல் இரண்டையும் வாய்க்குள் தாடையின் பின்பகுதியில் வைத்து, மற்ற விரல்களை மோவாய்க்கடியில் கொடுத்து, எலும்பைத் தன் இடத்துக்குத் திருப்பு என்கிறது அந்தச் சுருள். இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவில் தாடை நழுவி வருபவருக்கு மருத்துவர் செய்வதும் ஏறக்குறைய அதேதான். ஆனால் இது நிஜமாகவே எலும்பு இடம் மாறிய நிலை. எக்ஸ்ரேயில் தெரியும், வாய் மூடாது, சரியானதும் அந்தக் கணமே மூடும்.

கைரோபிராக்டிக் சொன்ன ‘இடம் மாறுதல்’ வேறு வகை. அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டேனியல் டேவிட் பால்மர், 1895 செப்டம்பரில் தன் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பில் ஒரு புடைப்பைக் கண்டு அழுத்தியதாகவும், காது மந்தமாயிருந்த லில்லார்டுக்குக் கேட்கத் தொடங்கியதாகவும் வரலாறு எழுதிக்கொண்டார். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்புகள் விலகியதால் வருகின்றன, மிச்சமுள்ளவை பிற மூட்டுகள் விலகியதால் வருகின்றன என்பது அவர் கொள்கை. தாடை அந்த மிச்சத்தில் வரும். எக்ஸ்ரேயிலோ வேறு எந்தச் சோதனையிலோ இந்த நுண்ணிய விலகல்களை நம்பகமாகக் காட்ட ஒருவராலும் முடியவில்லை. கைரோபிராக்டர்களிலேயே ஆய்வு மனம் கொண்டவர்கள் இந்தக் கொள்கையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார்கள். கொள்கை பிழை என்பதால் கையும் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விளக்கம் தவறாக இருந்தும் பலன் தந்த வைத்தியங்கள் மருத்துவ வரலாற்றில் நிறைய உண்டு. தனித்தனியாகச் சோதிப்பதுதான் நியாயம்.

தாடைக்குக் கைரோபிராக்டர் செய்வது என்ன? மூன்று வகை வேலைகளைச் சொல்லலாம். கழுத்தின் மேல் முள்ளெலும்புகளைக் கையாளுவது ஒன்று. முகத்தின் உணர்வைச் சுமக்கும் முப்பிரிவு நரம்பின் வலி இழைகள் மூளைத்தண்டிலிருந்து கீழிறங்கி, கழுத்தின் மேல் மூன்று நரம்புகளின் இழைகள் வந்து சேரும் அதே இடத்தில் முடிகின்றன. அதனால் கழுத்துப் பிடிப்பு தாடையிலோ நெற்றிப்பொட்டிலோ வலியாகத் தெரிவதும், தாடை வலிக்காரருக்குக் கழுத்து வலி இருப்பதும் சாதாரணம். இரண்டாவது, ஆக்டிவேட்டர் என்ற சுருள்வில் கருவி. பேனாவைவிடச் சற்றுப் பெரியது. முனையை மூட்டின் மேல் வைத்து அழுத்தினால் ஒரு சிறு தட்டு. மூன்றாவது, வாய்க்குள் விரல்.

இந்த மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. கையுறை போட்ட சுண்டுவிரல், மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறமாக, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் வழுக்கிக்கொண்டே பின்னால் போகிறது. கடைசிப் பல்லைத் தாண்டியதும் ஒரு குறுகலான பொந்து. அங்கே மேல்நோக்கி விரல் நுனியை மெல்ல அழுத்தினால், தாடை வலிக்காரர் கண்ணில் நீர் முட்டும். தாடையை முன்னே இழுக்கும் டெரிகாய்ட் தசையின் பக்கம் அது. அந்தத் தசையின் பெரும்பகுதி விரலுக்கு எட்டவே எட்டாது என்று உடற்கூறு வல்லுநர் பலர் சொல்கிறார்கள். விரல் படுவது அதன் அண்டைத் திசுக்களாகவும் இருக்கலாம். சில விநாடிகள் அழுத்தம், பிறகு விடுதல். கன்னத்து மெல்லுதசையை உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலுமாகப் பிடித்து நீவுவதும், நெற்றிப்பொட்டுத் தசை தாடை எலும்பில் வந்து சேரும் நாணை அழுத்துவதும் இதன் கூடவே நடக்கும். முறுக்குவதோ முறிப்பதோ எதுவும் இல்லை.

ஆலன் கலாமிர் என்ற ஆஸ்திரேலியக் கைரோபிராக்டர், சிட்னியில் இந்த வாய்வழி நீவலைக் கட்டுப்பாட்டோடு சோதித்தார். 2012இல் வெளிவந்த அவரது ஆய்வில், நாள்பட்ட தசைவகைத் தாடை வலியுள்ள 93 பேர் மூன்று பிரிவாகக் குலுக்கிப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வாய்வழிச் சிகிச்சை, வாரம் இருமுறையாக ஐந்து வாரம். இன்னொரு பிரிவுக்கு அதோடு நோய் பற்றிய விளக்கமும் வீட்டுப் பயிற்சியும். மூன்றாவது பிரிவு காத்திருப்போர் பட்டியலில். சிகிச்சை பெற்ற இரு பிரிவுகளும் ஓராண்டுக்குப் பிறகும் காத்திருந்தவர்களைவிட நன்றாக இருந்தன. விளக்கமும் பயிற்சியும் சேர்ந்த பிரிவு இன்னும் மேல். அடுத்த ஆண்டு வந்த ஆய்வில் 46 பேர். இதில் விரல் வைத்தியத்தை வெறும் விளக்கத்தோடும் வீட்டுப் பயிற்சியோடும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். விரல் முந்தியது, ஆனால் வித்தியாசம் சிறியது. தன் தொழிலின் கருவியைத் தானே இப்படி உரசிப் பார்த்து, கிடைத்த சிறு வித்தியாசத்தைச் சிறிது என்றே அச்சிட்ட அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

டேவன்போர்ட்டில், பால்மர் தொடங்கிய அதே கல்லூரியின் ஆய்வு மையம் ஆக்டிவேட்டரைக் கையிலெடுத்தது. 2003இல் சில நோயாளிகளை மட்டும் பின்தொடர்ந்த தொடக்க ஆய்வு. ஒப்பிட வேறு பிரிவு இல்லை. 2013இல் 80 பேரை வைத்து, நிஜக் கருவி, போலிச் சிகிச்சை, பல்லில் மாட்டும் ஸ்பிளின்ட், வீட்டுப் பராமரிப்பு என்று நான்கு பிரிவாக ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. இப்படியொரு பெரிய சோதனையை நடத்த முடியுமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு ஆட்கள் இல்லை. ஆகவே ஆக்டிவேட்டர் தாடை வலியைக் குணப்படுத்துகிறது என்று விளம்பரம் பார்த்தால், அதற்கான வலுவான சான்று இவற்றில் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பெரிய சித்திரம் 2023 டிசம்பரில் வந்தது. பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே, நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 233 சோதனைகள், 59 வகைச் சிகிச்சைகள் அலசப்பட்டன. அதன் முதன்மை ஆசிரியர் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜேசன் பூசே. அவரும் கைரோபிராக்டிக் படித்துவிட்டு ஆய்வுத் துறைக்கு வந்தவர்தான். வலுவான பரிந்துரை பெற்றவை: வலியோடு வாழும் விதத்தை மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சிகிச்சையாளர் மூட்டை மெல்ல அசைத்துக் கொடுப்பது, தசையின் வலிப்புள்ளிகளைக் கையால் அழுத்துவது, மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் உடல் நிலைப் பயிற்சியும், கூடவே நோயாளிக்குத் தைரியம் சொல்லி, வீட்டுப் பயிற்சி கற்றுக்கொடுக்கும் சாதாரணக் கவனிப்பு. வேகமாகத் தள்ளி ‘சடக்’ என்று சத்தம் வரச் செய்யும் கையாளுதலுக்கும் ஆதரவு உண்டு, ஆனால் அது நிபந்தனையோடு கூடிய, ஒரு படி கீழான ஆதரவு. எதிர்ப்பு எதற்கு? கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் ஸ்பிளின்ட்டுக்கும், தட்டை அறுத்தெடுக்கும் அறுவைக்கும் வலுவாக. கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட், போட்டாக்ஸ் ஊசி, லேசர் முதலியவற்றுக்கு நிபந்தனையோடு. பல் மருத்துவமனைகளில் நாள்தோறும் செய்துதரப்படும், இரவில் மாட்டும் ஸ்பிளின்ட்டான நைட் கார்டு இந்தப் பட்டியலில் அந்தப் பக்கம் போய் நிற்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்; பல் தேய்வதைத் தடுக்க அது உதவலாம், நாள்பட்ட வலியைப் போக்க அதை நம்ப வேண்டாம் என்பதுதான் இதன் பொருள்.

ஆக, மெதுவான கைக்கு மதிப்பு இருக்கிறது. அந்தக் கை கைரோபிராக்டருடையதா, பிசியோதெரபிஸ்டுடையதா என்பது முக்கியமில்லை.

அது எப்படி வேலை செய்கிறது? எலும்பைத் தள்ளி உட்கார வைப்பதால் இல்லை என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம். தாடை வலியில்லாத 2,737 அமெரிக்கர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒப்பேரா ஆய்வில், 260 பேருக்குப் புதிதாகத் தாடை வலி வந்தது. யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிக் காட்டியவற்றில் முன்னே நின்றவை உடலின் பிற இடங்களில் ஏற்கெனவே இருந்த வலிகள், கெட்ட தூக்கம், மன உளைச்சல் போன்றவை. நாட்பட்ட தாடை வலி பல சமயம் ஒலிபெருக்கியின் ஒலியளவு கூட்டி வைக்கப்பட்டதுபோல நரம்பு மண்டலமே கூர்மையாகிவிட்ட நிலை. பாதுகாப்பான, மெதுவான தொடுகை அந்த அளவைக் குறைக்கலாம். இறுகிப்போன தசை தளர்கிறது. வாயைத் திறந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று நோயாளிக்கும் தைரியம் வருகிறது. இலினாய்ஸ் ஆய்வின் 16 பேருக்குக் கிடைத்ததும் இதில் ஒரு பகுதிதான். நல்ல சிகிச்சையாளர் அந்தப் பகுதியை வேண்டாம் என்று ஒதுக்குவதில்லை. அதன்மேல் பயிற்சியையும் சேர்த்துக் கட்டுகிறார்.

கழுத்து விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். கழுத்தை வேகமாகத் திருப்பும் கையாளுதலோடு, மூளைக்குப் போகும் முள்ளெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரும் அரிய சம்பவங்கள் சேர்த்துப் பேசப்படுகின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் 1993 முதல் 2002 வரை இந்தத் தமனிவழிப் பக்கவாதம் வந்த 818 நோயாளிகளை ஆராய்ந்தபோது, இளையவர்களில் கைரோபிராக்டரிடம் போனவர்களுக்குத் தெரிந்த அதே தொடர்பு, குடும்ப மருத்துவரிடம் போனவர்களுக்கும் தெரிந்தது. தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்து வலிக்குத்தான் அவர்கள் வைத்தியம் தேடிப் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இருந்தாலும், அமெரிக்க இதய சங்கம் 2014இல் சொன்னபடி, இந்த வாய்ப்பை நோயாளியிடம் முன்பே எடுத்துச் சொல்வது சிகிச்சையாளரின் கடமை. தாடை வலிக்கு மெதுவான வழி இருக்கும்போது, கழுத்தை வெடுக்கென்று திருப்ப ஒப்புக்கொள்ள அவசியம் என்ன?

யார் கையிலும் தாடையைக் கொடுக்கும் முன் விலக்கிப் பார்க்க வேண்டியவையும் உண்டு. மாடிப்படி ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் போகும் தாடை வலி இதயத்துடையதாக இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, புதிதாகத் தலைவலியும் சேர்ந்தால், அது நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் பார்வை போகும். நம் ஊரில் இன்னொன்று: பாக்கு, குட்கா, மாவா போடுபவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போனால், குற்றம் மூட்டில் இல்லை. கன்னத்தின் உட்தோல் வெளுத்து, நார்ப்பட்டைகளாக இறுகியிருக்கும். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. தாடை நீவலுக்கு அலைந்து நாளைக் கடத்தாமல், அன்றே பாக்கை நிறுத்திவிட்டு வாய் நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சாதாரணத் தாடை வலிக்கு முதல் வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு நாளில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய நேரம் சாப்பாட்டையும் விழுங்குவதையும் சேர்த்தும் மிகக் குறைவு. மற்ற நேரமெல்லாம் உதடு மூடி, பற்கள் சற்றே விலகி, நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருப்பதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை. கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதை அவ்வப்போது கவனித்துத் தளர்த்த வேண்டும். வலி இருக்கும் வாரங்களில் சூயிங்கம், முறுக்கு, கரும்பு வேண்டாம். காலையும் மாலையும் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்தபடியே வாயை மெல்லத் திறந்து மூடும் பயிற்சியைச் சில தடவை செய்யலாம்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் கைவைத்தியம் தெரிந்தவரிடம் போகலாம். முதல் நாளே வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு 40க்கு மேல் திறப்பது இயல்பு. வீட்டுப் பயிற்சி எதுவும் கற்றுத்தராமல், ‘எலும்பு விலகியிருக்கிறது, மாதம் முழுக்க வந்து உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்’ என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். சிட்னி ஆய்வில் கொடுத்தது ஐந்து வாரச் சிகிச்சை. ஏறத்தாழ அந்தக் காலத்துக்குள் வலியும் குறையவில்லை, அளவும் கூடவில்லை என்றால், அதே இடத்தில் இன்னும் அழுத்திக்கொண்டிருக்காமல், வாய்–முக அறுவை மருத்துவரிடமோ வலிச் சிகிச்சை மருத்துவரிடமோ காட்டி மூட்டை மறுபடி முதலிலிருந்து பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.